மின்சாரக் காரும் எண் கையொப்பமும்

அஸ்தினாபுரத்தில் வசிக்கும் ஒருவர் தம் மின்சாரக் காருக்கு மின்னேற்றம் செய்ய விரும்புகிறார் என்று கொள்வோம். அவரிடம் இருப்பது ஒரு நிறுவனத்தின் செயலி, ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள மின்னேற்ற நிலையமோ வேறொரு நிறுவனத்துடையது. "12-ஆம் நிலையத்தில் 10 யூனிட் கொடுக்கவும்; பணம் நாங்கள் தருகிறோம்" என்று முதல் நிறுவனத்தின் கணிப்பொறி இரண்டாவதற்குச் செய்தி அனுப்புகிறது. அதை அனுப்பியது அந்நிறுவனந்தானா? வழியில் எவரேனும் 10-ஐ 40 ஆக்கிவிட்டால்?

காகிதத்தில் நாம் இடும் கையொப்பம் எல்லாத் தாளிலும் ஒன்றுபோலவே இருக்கும். கணிப்பொறியின் கையொப்பம் ஓர் எண். செய்திக்குச் செய்தி அது மாறும். சிறிய எண்களைக் கொண்டு இதைச் செய்து பார்ப்போமா?

முதலில் செய்தியைச் சுருக்க வேண்டும். 12, 10 என்பவற்றின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+2+1+0=4. இது செய்திச் சுருக்கம்.

அனுப்புபவரிடம் இரண்டு சாவிகள் உண்டு. 7 என்பது இரகசியச் சாவி. 3 என்பது எல்லோரும் அறிந்த பொதுச் சாவி. இரண்டுக்கும் துணை 33 என்ற எண். 4-இன் ஏழாம் அடுக்கு 16,384. இதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இதுவே கையொப்பம்.

பெறுபவர் 16-இன் மூன்றாம் அடுக்கைக் காண்கிறார்: 4,096. இதை 33-ஆல் வகுத்தால் மீதி 4. செய்தியின் சுருக்கமும் 4. ஆகவே கையொப்பம் சரி. 10-ஐ 40 ஆக்கியிருந்தால் சுருக்கம் 7 ஆகிவிடும். 16 தருவதோ 4. திருட்டு வெளிப்பட்டுவிடும்!

33 = 3×11 என்று அறிந்தவர் இரகசியத்தையும் கண்டுபிடித்துவிடலாம். (3−1)×(11−1)=20. பொதுச் சாவி 3-ஐ எந்த எண்ணால் பெருக்கினால், 20-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும்? 7-ஆல். ஆனால் பெருக்குத்தொகை 600 இலக்கங்களுக்கு மேல் நீண்டால், அதன் பகாக் காரணிகளை இன்றைய கணிப்பொறிகளாலும் காண இயலவில்லை. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் 1977-இல் கண்ட முறை இது.

நம் சுருக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. நிலைய எண்ணை 21 என்று மாற்றினாலும் கூட்டுத்தொகை 4 தானே! ஆகவே உண்மையில் கையாளும் சுருக்கங்கள், ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும்படி அமைக்கப்படுகின்றன.

இந்தியாவில் உருவான பெக்கன் என்னும் நெறிமுறையில் சுருக்கம் 512 பிட் நீளமுடையது. கையொப்பத்துக்கு 2011-இல் வெளியான எட்-25519 என்னும் முறை பயன்படுகிறது. இது பகாக் காரணிகளுக்குப் பதிலாக நீள்வட்ட வளைவுக் கணிதத்தை நம்புகிறது. பொதுச் சாவிகள் ஒரு பதிவேட்டில் இருக்கும். மின்னேற்ற நிறுவனங்களை இணைக்கும் ஒருங்கிணைந்த எரிசக்தி இடைமுகம் இந்நெறிமுறையின் மீதே எழுப்பப்பட்டது.

நேற்றைய செய்தியைத் திருடி இன்று அப்படியே மறுபடி அனுப்பினால்? கையொப்பம் பொருந்திவிடுமே! அதற்காகத்தான் செய்தி எழுந்த நேரத்தையும் காலாவதியாகும் நேரத்தையும் சேர்த்தே கையொப்பமிடுகிறார்கள். நேரம் கடந்த செய்தி தள்ளப்படும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. "12-ஆம் நிலையம், 40 யூனிட்" என்ற செய்தி 28 என்ற கையொப்பத்துடன் வந்திருக்கிறது. பொதுச் சாவி 3, துணை எண் 33. நீங்கள் மின்சாரம் கொடுப்பீர்களா?