சொந்தக் கப்பலா, வாடகைக் கப்பலா?

லைக்கா என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். 'கத்தி', '2.0' எல்லாம் அவங்க எடுத்த படம். ஆனால் லண்டனிலிருந்து வந்திருந்த எங்க அத்தானோட சிம் கார்டிலும் அதே பேர்! "அங்க இவங்க டவர் நிறைய இருக்கா அத்தான்?" என்று கேட்டேன். "சொந்த நெட்வொர்க்கே கிடையாதுடா" என்றார்கள். அப்புறம் எப்படி போன் கம்பெனி நடத்துறாங்க? தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

ஏர்டெல், ஜியோ, வி, பி.எஸ்.என்.எல். எல்லாம் முதல் வகை. அரசாங்கத்திடம் அலைக்கற்றை பெற்று, சொந்தக் கருவிகளை வைத்து நெட்வொர்க் நடத்துகிறார்கள். (இரும்பு டவர் மட்டும் பல இடத்தில் வாடகைதான்.) இரண்டாவது வகை, அந்த நெட்வொர்க்கில் பேசும் நிமிடங்களையும் டேட்டாவையும் மொத்தமாக வாங்கி, தன் பேரில் சிம் போட்டு சில்லறையாக விற்பவர்கள். செலவு குறைவு, அதனால் விலையும் குறைவு. இலங்கைத் தமிழர் அல்லிராஜா சுபாஸ்கரன் 2006-ல் தொடங்கிய லைக்காமொபைல் இந்த வகை. வெளிநாட்டில் இருப்பவர்கள் சொந்த ஊருக்கு மலிவாகப் பேசலாம் என்பதுதான் அவங்க வியாபாரம்.

நம்ம தூத்துக்குடிக்கு இது புதுசே இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து கொழும்புக்கு விட்டார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது! வ.உ.சி. விடவில்லை. இலங்கையிலிருந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். 1907-ல் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்களே வந்துவிட்டன.

வாடகைக்கு எடுப்பவரின் தலைவலி போனிலும் அதேதான். மொத்த விலையை நெட்வொர்க்காரர்தான் சொல்வார். கூட்ட நேரத்திலும் கஷ்டம். ஆகஸ்ட் 5 மாதா கோவில் திருவிழாவில் சிக்னல் முழுசாகக் காட்டும், போன் போகாது, பார்த்திருப்பீர்கள். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்கும். அந்த நேரத்தில் சில நாடுகளில் சொந்த வாடிக்கையாளருக்கு முதலிடம், வாடகைக்காரரின் வாடிக்கையாளருக்கு அப்புறம்தான். ஒரு வசதியும் உண்டு: கப்பலை மாற்றிக்கொள்ளலாம். லைக்கா இங்கிலாந்தில் ஓ2 நெட்வொர்க்கை விட்டு 2023-ல் இஇ-க்கு மாறியது. அதனால் வெளிநாடு போகும் அண்ணன்மார், அக்காமார் சிம் வாங்கும்போது, "இது யார் நெட்வொர்க்கில் ஓடுது?" என்று கடையில் கேளுங்க. விலை அப்புறம்.

நம் நாட்டில் 2008-ல் விர்ஜின் மொபைல் வந்தபோது டாடாவின் நெட்வொர்க்கில்தான் ஓடியது. இரண்டாவது வகைக் கம்பெனிகளுக்குத் தனி விதிமுறை 2016-ல்தான் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ இறங்கி, டேட்டா விலை தரையைத் தொட்டது. பெரிய கம்பெனியே இவ்வளவு மலிவாக விற்றால் நடுவில் வாங்கி விற்பவருக்கு என்ன மிஞ்சும்? இங்கே அவங்க பேர் அதிகம் கேள்விப்படாததற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.