அரை மணி நேரச் சாப்பாடு

கேள்வி: சம்பளம் ஒழுங்காக வந்தால் போதாதா? கேன்டீன், ஓய்வு, பயிற்சி என்றெல்லாம் ஏன் கேட்கிறார்கள்?
– வாசகர், முகத்துவாரக்குப்பம்

பதில்: பக்கத்துப் பெரம்பூரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அங்கிருந்த பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) மில் தொழிலாளர்களை 1918-இல் கொதிக்க வைத்த குறைகளில் ஒன்று, கூலியல்ல; சாப்பாட்டு இடைவேளை. கிடைத்தது அரை மணி நேரம். அதற்குள் கைகழுவி, நாலு வாய் அள்ளிப்போட்டு, கேட் மூடுமுன் ஓடிவர வேண்டும். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு காதில் இந்தக் குமுறல் விழுந்தது. அவர்கள் முயற்சியில் அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் உடன் நின்றார்.

சோறு விழுங்கவே நேரம் தராத இடத்தில் யாருக்கு வேலை பிடிக்கும்?

ஓய்வும் அப்படித்தான். கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவர 2021 ஆகிவிட்டது. நாற்காலிக்கும் சட்டம்!

பயிற்சி உயிர்ச் சமாச்சாரம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள், எல்லாரும் வடமாநிலத்தவர். உயரத்தில் ஏறுகிறவருக்குப் பாதுகாப்புப் பாடம் அவர் மொழியில் போய்ச்சேர வேண்டாமா? உங்கள் பகுதி கம்பெனி கேட்டில் உள்ள எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.