எதிரெதிரே ஓடும் பால்

எட்டாம் வகுப்பில் வெப்பப் பரிமாற்றத்துக்குப் பால் பதப்படுத்தும் ஆலையைத்தான் எடுத்துக்கொள்வேன். 72 டிகிரியில் 15 வினாடி இருந்த பால், மெல்லிய எஃகுத் தகட்டின் ஒருபுறம் ஓடுகிறது. மறுபுறம், 4 டிகிரியில் வரும் புதுப்பால் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டுமே தகட்டைக் கடக்கிறது. சூடேற்றும் எரிபொருளும் மிச்சம்.

ஏன் எதிர்த்திசை? ஒரே திசையில் ஓடினால் இரண்டும் 38 டிகிரியில் சமமாகி நின்றுவிடும். மாணவர்களும் பெரும்பாலும் இந்தச் சராசரியோடு நின்றுவிடுகிறார்கள்.

அதை உடைக்க ஒரு செயல்பாடு. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் 60 டிகிரி நீர் ஒரு லிட்டர். அதை 30 டிகிரிக் குழாய்நீர் ஒரு லிட்டரில் வைத்தால் இரண்டும் 45க்கு வரும். இப்போது அதே அளவு குழாய்நீரை அரை அரை லிட்டராக இரு பேசின்களில் ஊற்றி, சுடுநீரை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். முதல் பேசினில் 50, அடுத்ததில் ஏறக்குறைய 43. முதல் பேசின் நீரோ 50லேயே இருக்கிறது! குளிர்நீர் சுடுநீரை முந்திவிட்டதைப் பார்த்ததும் வகுப்பில் வாக்குவாதம் தொடங்கும். அதை உடனே தீர்த்துவைக்காதீர்கள்.

பேசின்களை நான்காக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். காற்றில் போகும் வெப்பத்தால் ஓரிரு டிகிரி குறையலாம். இரு நீரையும் கலக்கிக்கொண்டே இருப்பது அவசியம்.