ஃப்ளைட் கேன்சல்... ரீஃபண்ட் யார் தரணும்?

ஏஜென்ட் மூலமா டிக்கெட் போட்டீங்க. விமான நிறுவனம் ஃப்ளைட்டையே கேன்சல் பண்ணிடுச்சு. ஏஜென்ட் "ஏர்லைன்ஸ்கிட்ட கேளுங்க"ன்னு சொல்வார். அவங்க "ஏஜென்ட்கிட்ட போங்க"ன்னு சொல்வாங்க. நடுவுல உங்க சம்பளப் பணம்.

அமெரிக்காவுல 2024-ல இதுக்கு ஒரு விதி வந்தது. கார்டு ஸ்டேட்மென்ட்ல யார் பேர் இருக்கோ, அவங்கதான் பணத்தைத் திருப்பித் தரணும். கார்டுன்னா 7 வேலை நாள், மற்ற வழியில கட்டியிருந்தா 20 நாள். நமக்கு நல்லதுதான். ஆனா ஏஜென்ட் பக்கமும் பாருங்க. வாங்கின பணம் எப்பவோ விமான நிறுவனத்துக்குப் போயிருக்கும். திருப்பித் தர்றது அவர் கைக்காசு. அதனால, ரீஃபண்ட் உண்டுன்னு நிறுவனம் உறுதி செஞ்ச பிறகுதான் அவருக்கு நாள் கணக்கு ஆரம்பிக்கும்.

இந்த மாதிரி நடைமுறைச் சிக்கலை யார் எடுத்துச் சொல்றது? பயணிகள் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழுவை 2012 சட்டம் அமைச்சப்போ விமான நிறுவனம், விமான நிலையம், மாநில-உள்ளாட்சி அரசுகள், நுகர்வோர் அமைப்புன்னு நாலு தரப்புக்குத்தான் இடம். டிக்கெட் விக்கிறவங்களுக்கு 2024 சட்டத்துலதான் நாற்காலி கிடைச்சது. சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். அதுக்காக ஏஜென்ட் எப்பவும் நம்ம ஆளுன்னு நினைச்சுடாதீங்க, அவருக்கும் கமிஷன் இருக்கு!

நம்ம ஊர்ல டிஜிசிஏ விதிப்படி, ஏஜென்ட்கிட்ட வாங்கினாலும் ரீஃபண்ட் பொறுப்பு விமான நிறுவனத்தோடதுதான். அதனால புக் பண்றப்பவே உங்க சொந்த நம்பர், மெயில் ஐடியைக் கொடுக்கச் சொல்லுங்க. ஏஜென்டோட சேவைக் கட்டணம் எவ்வளவு, அது திரும்புமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.