பலாவுக்கு யார் விலை வைப்பது?

கேள்வி: வடகாடு பலாவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்; ஆனால் பெயர்ப்பலகை மட்டும் விலை தராது. வடகாடு இருக்கும் ஆலங்குடி வட்டாரத்துப் பலா எல்லாத் தோப்பிலும் ஒரே பருவத்தில் பழுக்கிறது. காத்திருக்க முடியாதவர் கேட்ட விலைக்குத்தான் கொடுப்பார். தரம் பிரித்து, சுளையாக்கி, சிப்ஸாக்கி விற்கும் ஏற்பாடு அந்த அவசரத்தைத் தணிக்கும். இப்படி உழவர்கள் சேர்ந்து நிறுவனம் தொடங்கச் சட்டம் 2002-இலேயே வழிவிட்டது. 2020-இல் வந்த மத்தியத் திட்டமோ உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு ஈடாக ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை தர வழிசெய்தது. 'மண்டிக்காரர் முன்பணம் தருகிறாரே' என்பீர்கள். நியாயம்தான், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவர்தான் வங்கி. சரக்கு எடுத்த அன்றே நிறுவனம் பணம் தராவிட்டால் உறுப்பினரே மண்டிக்குப் போவார்; அதைத் துரோகம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. கைகொடுக்க வரும் தொண்டு நிறுவனங்கள் பயிற்சி வகுப்பைக் குறைத்து, முதலில் அன்றே பணம் தரத் தேவையான நடைமுறை மூலதனத்துக்கு வழி தேடட்டும்.