வீங்க இடமில்லாத பெட்டி

மாணவர்களே! விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறதல்லவா? இதற்கு அழற்சி என்று பெயர். இது கிருமிகளை எதிர்க்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிய, வெள்ளணுக்களும் நீரும் திசுவுக்குள் வருகின்றன. தோல் சற்று விரிந்து வீக்கத்துக்கு இடம் தருகிறது. இதே அழற்சி மூளையில் ஏற்பட்டால்?

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955இல் வேலூரில் கண்டறியப்பட்டது. நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் பன்றிகளிடமிருந்தும், கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் இதன் வைரஸை மனிதருக்குக் கொண்டுவருகின்றன. வைரஸ் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வெளிப்படுவதே இல்லை. மூளைக்காய்ச்சல் கண்டவர்களிலோ நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும்.

வைரஸ் நரம்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. மூளையின் காவலர்களான மைக்ரோகிளியா அணுக்கள் இதை உணர்ந்து, சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்களைச் சுரந்து அபாயத்தை அறிவிக்கின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர்கிறது; வெள்ளணுக்கள் உள்ளே நுழைகின்றன. வைரஸை ஒழிக்க அவை தேவைதான். ஆயினும் அழற்சியில் சுரக்கும் பொருள்கள் பக்கத்திலுள்ள நல்ல நரம்பணுக்களையும் கெடுக்கின்றன. விரலில் தோல் மீண்டும் வளரும். இறந்த நரம்பணுக்கள் அவ்வாறு மீள்வதில்லை.

இனி வருவது இயற்பியல். எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே. மண்டை ஓடு விரியாத பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத்தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் நிறைந்துள்ளன. மூளை வீங்கினால் மற்ற இரண்டும் சிறிது வெளியேறி இடம் தரும். அந்த இடமும் தீர்ந்தபின், சிறு வீக்கம்கூட அழுத்தத்தை வெகுவாக உயர்த்திவிடும்.

படுத்திருக்கும் பெரியவரின் மண்டைக்குள் அழுத்தம் சுமார் 10 மி.மீ. பாதரசம். தமனியின் சராசரி அழுத்தம் 90 என்று கொள்வோம். மூளைக்குள் இரத்தத்தைச் செலுத்துவது இவ்விரண்டின் வேறுபாடாகிய 80. உள்ளழுத்தம் 40க்கு ஏறினால் எஞ்சுவது 50 மட்டுமே. குழாய்கள் விரிந்து ஓரளவு ஈடுகட்டும். அதற்கும் மேலே ஏறினால் இரத்தம் குறையும். பிராணவாயு குன்றிய அணுக்கள் மேலும் வீங்கும்.

“அப்படியானால் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தாய்லாந்தில் இந்நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் அழற்சியடக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. அழற்சியை அடக்கும் மருந்து, வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் சேர்த்தே அடக்குகிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. வந்தபின் இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை. வெள்ளணுக்கள் தம் வேலையை முடிக்கும்வரை மருத்துவர்கள் வலிப்பை நிறுத்தி, மூச்சைக் காத்து, உள்ளழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திவைப்பதும் இதற்காகவே. சிரைகளிலுள்ள இரத்தம் கீழ்நோக்கி எளிதில் வடிந்துவிடும் அல்லவா?