பேச உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு



குழுவில் சேரும் முன் நம்மில் பலர் நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. "பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்றே நம்மை வளர்த்தார்கள். இன்று கிராம சபையில் எழுந்து நின்று "தண்ணி ஏன் வரல?" என்று கேட்கிறோம். கைபேசிக் குழுவில் கருத்தும் போடுகிறோம். பேச்சுரிமை என்றால் என்ன, அதை நமக்கு நாமே எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது என்பதே இந்த மாதப் பாடம்.

திருச்செங்கோட்டில் நடந்தது

நாமக்கல் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2010-ல் 'மாதொருபாகன்' என்ற நாவலை எழுதினார். குழந்தையில்லாத ஒரு தம்பதி ஊராரின் ஏச்சுப் பேச்சில் படும் துன்பமே கதை. திருச்செங்கோடு தேர்த் திருவிழா பற்றி அதில் வரும் பகுதி ஊரையும் பெண்களையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் பரவின. முழுக் கதையையும் படிக்காதவர்கள்கூட கோபப்பட்டார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 12-ந் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த சமாதானப் பேச்சில், மன்னிப்புக் கேட்டு எழுத்தாளர் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்து, எழுதுவதையே நிறுத்தினார். பிறகு ஊரையும் விட்டுப் போனார்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. நாவலுக்குத் தடை இல்லை. எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அவர் மீண்டும் எழுத ஆரம்பித்தார்.

மனம் புண்பட்டவர்களுக்கு எதிர்ப்புச் சொல்ல உரிமை இல்லையா? உண்டு. கூட்டம் போடலாம், மறுத்து எழுதலாம். ஆனால் ஒருவரை ஊரே சூழ்ந்து நின்று எழுதி வாங்குவது பதில் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நம் எல்லோருக்கும் பேச்சுரிமை தருகிறது. அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல், பொது அமைதி போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாட்டையும் அதே பிரிவு அனுமதிக்கிறது.

2012 நவம்பரில் மகாராஷ்டிராவில் ஒரு தலைவர் இறந்தபோது, கடையடைப்பு எதற்கு என்று ஒரு இளம்பெண் முகநூலில் கேட்டார். இன்னொரு பெண் அதற்கு 'லைக்' போட்டார். இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. பிறகு அந்த வழக்கு கைவிடப்பட்டது. இணையத்தில் எழுதுபவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நம் குழுவுக்கு என்ன பாடம்?

ஒரு உறுப்பினர், "ஊக்குநர் அக்கா, போன மாச வட்டிக் கணக்கு இடிக்குதுங்களே" என்று கைபேசிக் குழுவில் கேட்கிறார். உடனே "குழு மானத்தை வாங்கிட்டா, அவளை நீக்குங்க" என்று நாலு பேர் கிளம்பினால் அது சரியா? கணக்குக் கேட்பது அவமானம் அல்ல, உரிமை. பேரேட்டை எடுத்துக் காட்டுவதுதான் பதில். அதே உறுப்பினர் இன்னொருவர் வீட்டுச் சண்டையையோ சாதியையோ இழுத்தால் அது வேறு விஷயம். அதைத் தடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே, குழு கூடி இந்த விதிகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்:

1. கேள்வி, குறை, மாற்றுக் கருத்து எதற்கும் தடை இல்லை.
2. சாதியைச் சொல்லி ஏசுவது, மிரட்டுவது, ஒருவரின் சொந்த வாழ்க்கையையோ போட்டோவையோ பரப்புவது கூடாது.
3. அரைகுறையாக வந்த செய்தியை முழுதாகப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.
4. விதி மீறியவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். திருந்தாவிட்டால் கூட்டத்தில் அவர் பக்கத்தையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.
5. பேசியதற்காக யாருக்கும் கடனை நிறுத்தக் கூடாது. வற்புறுத்தி மன்னிப்பு எழுதி வாங்கக் கூடாது.
6. விதி ஊக்குநர், பிரதிநிதிகளுக்கும் ஒன்றுதான்.

மிரட்டலோ ஆபாசமோ வந்தால் மட்டும் குழுவுக்குள்ளேயே மூடி மறைக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மற்றதை நாமே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க:

• நம் குழுவில் பேசத் தயங்கும் உறுப்பினர் யார்? ஏன் தயங்குகிறார்?
• நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவரை இதுவரை எப்படி நடத்தியிருக்கிறோம்?
• மேலே சொன்ன ஆறு விதிகளில் எதைச் சேர்க்கலாம், எதை மாற்றலாம்?